ரப்பர் பால் பூசின போர்டு

முப்பத்தொரு வயதில் "நான் ஓய்வு பெற்றவள்" என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் பேட்டரி போர்டு வேலையைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. நான் வேலை பார்த்த பட்டறையை மூடியாயிற்று. அதை நடத்தியவர் மகனோடு வெளியூருக்குப் போய்விட்டார். நான் இப்போது முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் நம் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்திருந்தேன். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒரு பேட்டரி போர்டைக் காட்டினார்கள். ரெடிமேடாக வாங்கியது, கறுப்புப் பசைக்குள் முழுக்கப் புதைத்தது. கம்ப்யூட்டரில் இணைத்தால் ஒரு எண்கூட வரவில்லையாம்.

"என்ன பண்ணப் போறிய?"

"வேற ஒண்ணு அனுப்பச் சொல்லியாச்சு அக்கா."

"ஏன் பேசலைன்னு பாக்க வேண்டாமா?"

"தொறக்கவே முடியாதே, எப்பிடிப் பாக்க?" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் நின்றவன், "அக்கா, நீங்க எல்லாம் எப்பிடிப் பாத்தியன்னு காலேஜ் ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்" என்று மாட்டிவிட்டான். அதனால் இது.

முதலில், புதிதாகப் படிப்பவர்களுக்காக. ஒரு பெரிய பேட்டரி என்பது வரிசையாகக் கட்டிய பல செல்கள். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு போர்டு வேண்டும். அந்த போர்டில் இரண்டு முக்கியமான சிப்புகள். ஒன்று அளக்கும். மற்றது அந்த அளவுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு வயர் வழியாக வெளியே மோட்டாருக்கும் டிஸ்பிளேக்கும் சொல்லும். இந்தப் பேச்சு நின்றால், பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பட்டறையின் வேலை மீன்பிடி வள்ளங்களுக்காக இந்த போர்டைச் சொந்தமாக வடிவமைப்பது.

பட்டறை அருமனையில், ஒரு ரப்பர் ஷீட் கடையின் மாடியில் இருந்தது. நடத்தியவர் ஞானசிகாமணி சார். வளைகுடாவில் எண்ணெய் ஆலைகளில் கருவிகள் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு வந்தவர். படித்து முடித்த கையோடு நான் போய்ச் சேர்ந்தேன். முதல் வருஷம் சால்டரிங், திட்டு, டீ. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

நான் முதன்முதலாக வரைந்த போர்டு ஃபேப்ரிகேஷன் முடிந்து வந்தது. அளக்கும் சிப்பிடம் கேள்வி அனுப்பினால் பதில் இல்லை. முகவரி தப்போ என்று மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். புரோகிராமை அழித்து முதலிலிருந்து எழுதினேன். சிப் செத்துப்போச்சு என்று முடிவுகட்டி, அதைக் கழற்ற, சூடான காற்றடிக்கும் ஹாட் ஏர் கருவியைக் கையில் எடுத்தபோது சார் வந்து ஃபேனை அணைத்தார். அவர் ஃபேனை அணைத்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

"யாரு பேசுதா?"

"கண்ட்ரோலர், சார்."

"யாரு கேக்கணும்?"

"அளக்குற சிப்."

"அது முழிச்சிருக்கா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஏட்டி, அது ஒறங்குது" என்றார். சிப் செய்பவர்கள் கிடங்கில் பேட்டரி வீணாகாமல் இருக்க அதை உறக்க நிலையில்தான் அனுப்புவார்கள். சிப்பின் உலோகக் கால்களில் ஒன்றில் சிறிய மின்துடிப்பு கொடுத்தால்தான் விழிக்கும். கொடுத்தேன். வரிசையாக எல்லாச் செல்லின் வோல்டேஜும் திரையில் வந்து விழுந்தது.  உயிரோடு இருக்கிற ஒன்றைச் செத்துப்போச்சு என்று அறுக்கப் பார்த்தேனே!

அன்றிலிருந்து சாரின் முறை எனக்கும் முறையானது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், நடுவில் என்ன கிடக்கிறது. முதலில் பவரை நிறுத்து. வெளியே போகும் இரண்டு பேச்சு வயர்களுக்கும் நடுவே மீட்டரை வை. அறுபது ஓம் காட்ட வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் நூற்றிருபது ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. நூற்றிருபது காட்டினால் ஒரு முனை கழன்றிருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. அதன்பிறகு பவர், அதன்பிறகு மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப், கடைசியாகத்தான் புரோகிராம். யாராவது நேராக லேப்டாப்பைத் திறந்தால், "கதவு பூட்டிக் கெடக்கு, நீ உள்ள இருக்கவனுக்குக் கடுதாசி எழுதுதே" என்பார்.

இப்போது ரப்பர் பாலுக்கு வருகிறேன்.

கடலுக்குப் போகும் போர்டுக்கு உப்புக் காற்று ஏறாமல் மேலே ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அதற்கென்று ஸ்பிரே உண்டு. வெளியூரிலிருந்து வர வேண்டியது ஒரு தடவை வரவே இல்லை. வள்ளக்காரர்கள் சீசன் தொடங்கப்போகிறது என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சார் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். அருமனையில் யார் வீட்டுக்குப் பின்னால்தான் இல்லை? ஒரு நாள் காலையில் ஒரு கேன் ரப்பர் பாலோடு மாடியேறி வந்தார். லாரியில் ஏற்றி அனுப்புவதற்காக மருந்து ஊற்றி, உறையாமல் வைத்திருந்த பால்.

"கையுறை இதுலதான செய்யுதான்? பலூன் இதுலதான செய்யுதான்? ஒரு சொட்டு வெள்ளம் உள்ள போகுமா?"

போர்டைப் பாலில் முக்கினார். துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். காய்ந்தபிறகு மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஒரு தோல். உப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டு ஓடவிட்டோம். சாயங்காலம் வரை போர்டு நிற்காமல் பேசியது. ரிப்பேர் பார்க்க வேண்டுமென்றால் தோலை உரித்துக்கொள்ளலாம்! பட்டறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். நான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். அந்த சீசனுக்குப் போன போர்டுகள் எல்லாமே பால் பூசினவைதான்.

அதில் ஒன்று தேங்காய்ப்பட்டணம் ஆன்றணி அண்ணனுடையது. மண்ணெண்ணெய் எஞ்சினைக் கழற்றிவிட்டு வள்ளத்துக்கு எலெக்ட்ரிக் மோட்டார் வைத்த ஆள், அந்த ஊரில் அப்போது அவர் ஒருவர்தான். துறைமுகத்தில் அவரைப் பார்த்தால் எல்லோரும் "சார்ஜ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே திருப்பித் திட்டுவார்.

அவருடைய போர்டு கடலில் அவ்வப்போது பேச்சை நிறுத்தியது. போர்டு பேசாவிட்டால் மோட்டாரை நிறுத்த ஒரு ரிலே, அதாவது தானே அணையும் சுவிட்ச், வைத்திருந்தோம். செல்லுக்கு ஆபத்து வந்தாலும் அதே ரிலேதான் கரண்டை அறுக்கும், அந்தப் பேட்டரிக்கு வேறு காவல் கிடையாது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜையில் வைத்தால் அறுபது ஓம் சரியாக இருக்கும், நாள் முழுக்கப் பேசும்.

"இங்க வந்தா நல்ல பிள்ளை மாதிரி இருக்கு எஞ்சினியரே. கடலுக்குப் போனா எனக்க மாமியார் மாதிரி, மூஞ்சியத் திருப்பிக்கிடுது."

"தட்டிப் பாத்தியளா அண்ணே?"

"மாமியாரையா?"

திரும்பவும் கொண்டுவந்தார். திரும்பவும் ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. சரியாகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பிறகு குளச்சலிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இது ஒரேயடியாக ஊமை. பவரை நிறுத்தி மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. நடுவில் எங்கோ வழி அறுந்திருக்கிறது. போர்டின் கனெக்டர் ஓரமாகப் பிளேடால் ரப்பர் தோலைக் கீறி இழுத்தேன்.

உள்ளே பச்சை. நீலம் கலந்த பச்சை. கனெக்டரின் பித்தளைக் கால்கள் தின்னப்பட்டு, பொடியாகி, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு காலை ட்வீசரால் தொட்டேன், ஒடிந்து விழுந்தது. பேச்சு வயர்கள் வந்து சேரும் கால் அது.

"உப்பு வெள்ளமா சார்?" என்றேன். உப்புத் தண்ணீர் உள்ளே போனதற்கு ஒரு தடமும் இல்லை. சார் உரித்த தோலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அமோனியா" என்றார்.

பால் உறையாமலிருக்க ஊற்றும் மருந்து அதுதான். ரப்பர் நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். செம்பையும் பித்தளையையும் அமோனியா அரிக்கும் என்பது பத்தாம் வகுப்பு வேதியியல். இரண்டையும் எங்களில் ஒருவர்கூடச் சேர்த்து நினைக்கவில்லை.

"ஆலையில அமோனியா லைன் பக்கம் பித்தளை ஃபிட்டிங் போட்டா நான் ஆளை வீட்டுக்கு அனுப்புவேன் மக்கா. போடாதேன்னு பலகையே எழுதி மாட்டி வச்சிருந்தேன். இது... இது எங்க வீட்டு மணம்லா. இது அமோனியான்னு எனக்குத் தோணவே இல்ல."

ஆன்றணி அண்ணனின் பெட்டி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மேஜையில் அசையாமல் இருக்கும்போது அரித்த காலும் வயரும் எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும், அறுபது ஓம் காட்டும். அலையில் குலுங்கினால் பிரியும். ஆன்றணி அண்ணன் சொன்னது முழுக்க நிஜம்.

"ஆன்றணி எங்க இப்பம்?"

போன் போட்டேன். எடுக்கவில்லை. அவர் மனைவிக்குப் போட்டேன். விடியுமுன்னே போயாச்சு, மச்சினனும் கூட உண்டு, மத்தியானத்துக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள் என்றார்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பொழிமுகம் என்பார்கள். உள்ளே வர அதுதான் வழி. அலை அங்கே திடீரென்று எழும்பும். அந்த இடத்தில் மோட்டார் நின்றால் வள்ளம் பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். அன்றைக்குக் காற்றும் ஏறியிருந்தது. சார் ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறினார். 

துறைமுகத்தில் கட்டியிருந்த, வயர்லெஸ் வைத்த ஒரு விசைப்படகில் ஏறினோம். அதை ஓட்டும் ஸ்ராங்கு வயர்லெஸ் மைக்கை என் கையில் தந்தார். நான் கூப்பிட்டேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஆன்றணி அண்ணன் குரல் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆரு, எஞ்சினியரா? கடலுக்கு வந்தாச்சா?"

"அண்ணே, எங்க நிக்கிய?"

"வந்துட்டே இருக்கேன். பொழி கண்ணுல தெரியுது."

"உள்ள ஏறாதிய. போர்டுல பிரச்சினை இருக்கு. எப்பம் வேணும்னாலும் மோட்டார் நிக்கும். எஞ்சின் வள்ளம் ஏதாவது பக்கத்துல இருந்தா கயிறு கட்டி இழுக்கச் சொல்லுங்க."

"நல்ல கதையா இருக்கே! மோட்டார் தேவாங்கு மாதிரியா ஓடுது? மான் மாதிரி ஓடுது. ஸ்கிரீன் பச்சையா இருக்கு, எழுபத்தொண்ணு சதமானம் சார்ஜ். இவனுவ பின்னால கயிறு கெட்டி வந்தா இந்தக் கரையில நான் பின்ன மொகத்தக் காட்ட முடியுமா?"

அந்த சேனலை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறொரு வள்ளத்திலிருந்து ஒரு குரல் நடுவே புகுந்தது. "ஆன்றணி, சார்ஜ் தீந்தா சொல்லுடே, எனக்க வீட்டுல இருந்து வயர் இழுத்துத் தாறேன்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். யார் பேசுகிறார், யார் கேட்கிறார். எழுபத்தொன்று என்று சொல்வது யார்? டிஸ்பிளே. அதற்குச் சொன்னது யார்?

"அண்ணே, அதே ஸ்கிரீன்ல கீழ ஆம்பியர்னு ஒண்ணு இருக்குல்லா. என்ன காட்டுது?"

"அம்பத்தெட்டு."

"இப்பம் மோட்டாரைச் சுத்தமாக் கொறைங்க. ஓடவே வேண்டாம். கொறைச்சிட்டுச் சொல்லுங்க."

இரைச்சல். மோட்டாரின் முனகல் அடங்குவது எனக்கே கேட்டது.

"அம்பத்தெட்டு" என்றார்.

"மோட்டார் நின்னுட்டா?"

"நின்னுட்டு."

"ஆம்பியர்?"

திரையைக் கையால் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்பத்தெட்டுதான் மோளே."

சேனலில் ஒருவரும் சிரிக்கவில்லை. மோட்டார் ஓடாதபோது ஐம்பத்தெட்டு ஆம்பியர் எங்கே போகும்? போர்டு பேச்சை நிறுத்தி எவ்வளவு நேரமாயிற்றோ. நாங்கள் கடையில் வாங்கி மாட்டிய அந்த டிஸ்பிளே, கடைசியாகக் காதில் விழுந்த எண்ணையே பச்சை விளக்கோடு காட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு குணம் அதற்கு உண்டென்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. 

அதைவிட மோசமானது அடுத்துத்தான் உறைத்தது. போர்டு பேசாவிட்டால் ரிலே மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மோட்டார் மான் மாதிரி ஓடியிருக்கிறது.

"அண்ணே, அந்த ரிலேயில ஏதாவது பண்ணினியளா?"

"அது... நின்னு நின்னு போகுதுன்னு ஒரு சின்னச் செம்புக் கம்பி வச்சுக் கெட்டினேன். அதுக்குப் பொறவு ஒரு எடத்திலயும் நிக்கல்ல."

அவர் எங்களிடம் வராமல் போனதற்குக் காரணம் அதுதான். செல்லை யாரும் பார்க்கவில்லை, கரண்டை அறுக்கவும் யாருமில்லை. கண்ணைக் கட்டிவிட்ட பேட்டரியின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெட்டியைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?"

"கை வைக்க முடியல்ல."

சார் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"ஆன்றணி, ஞானசிகாமணி பேசுதேன். மோட்டாரத் தொடாத. பெட்டி வயரக் கழத்தி விடு. ரண்டு பேரும் அணியத்துக்குப் போயிருங்க, முன்னால, பெட்டியில இருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. எனக்க போர்டு வச்ச எல்லா ஊர் வள்ளத்துக்கும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. போர்டுல நான் பூசின பூச்சு தப்பு. ஸ்கிரீனை நம்பாதிய. யாரும் தனியாப் பொழியில ஏறாதிய. கயிறு கெட்டி வாங்க."

முழுக் கரைக்கும் கேட்கும்படி, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்ததும், சற்று முன்னே கிண்டல் செய்த அதே குரல் வந்தது.

"ஆன்றணி, நான் ஒனக்குத் தெக்கால நிக்கேன். கயிறு கொண்டு வாறேன். அப்பிடியே நில்லு."

பொழியில் இரண்டு வள்ளமும் ஏறி வந்ததை அலைத்தடுப்புக் கல்லின்மேல் நின்று பார்த்தேன். ஒரு அலையில் பின்னால் வந்த வள்ளம் மறைந்தே போயிற்று. கயிறு தண்ணீரிலிருந்து விறைத்து எழும்பி நின்றது. பிறகு அணியம் தெரிந்தது, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேர். அந்த அலை வரும்போது மோட்டாரை நம்பி வந்திருந்தால் என்று இன்றைக்கும் முழுதாக நினைத்துப்பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கரையில் பெட்டியைத் திறந்தோம். சார் ஒவ்வொரு செல்லாக மீட்டரை வைத்தார். ஒன்றில் வோல்டேஜே இல்லை. அது நடுவில் வீங்கி, பக்கத்துச் செல்லைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரிலேயின் குறுக்கே செம்புக் கம்பி, அழகாக முறுக்கி, டேப் சுற்றி. மச்சினன் அதைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

ஆன்றணி அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டிஸ்பிளேயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பி வச்சது எனக்க புத்தி. அது செரி. ஆனா இது ஏன் பச்சையாவே இருந்துது மோளே? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லாதா?"

சார் குனிந்து அந்த டிஸ்பிளேயின் வயரைக் கழற்றினார். 

பால் பூசின போர்டு எல்லாவற்றையும் சார் வள்ளம் வள்ளமாகப் போய்த் திரும்ப வாங்கினார். ஸ்பிரே வந்தபிறகுதான் புதியவை போயின. அந்த டிஸ்பிளேயையும் தூக்கிவிட்டு, புதுத் திரைக்கான புரோகிராமை என்னை எழுதச் சொன்னார். போர்டிடமிருந்து பேச்சு நின்ற மறுகணம் எல்லா எண்ணும் அழிய வேண்டும்.

"அழிச்சிட்டுச் சிவப்புல எரர்னு போடட்டுமா சார்?"

"எரர்னு போட்டா வள்ளக்காரன் குறுக்க வைக்கக் கம்பியத் தேடுவான். ஆன்றணி கேட்டதையே போடு. தெரியாதுன்னு போடு."

பெரிய எழுத்தில், தமிழில், திரை முழுக்கப் போட்டேன். துறைமுகத்தில் சிரித்துத் தீர்த்தார்கள். இவ்வளவு செலவு பண்ணிக் கடைசியில் தெரியாதுன்னு சொல்லவா ஒரு மிஷின் என்று ஸ்ராங்கே என்னிடம் கேட்டார். ஆன்றணி அண்ணன் அதையே மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த சீசனில், சாளை மீன் நன்றாகப் படுகிறது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவரிடமிருந்து போன்.

"மோளே, தெரியாதுன்னு காட்டுது."

 "எங்க நிக்கிய அண்ணே?"

"கரையிலதான். பொழி தாண்டல்ல. பாத்த ஒடனே வள்ளத்தத் திருப்பிட்டேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பவரை நிறுத்தி மீட்டரை வைத்தேன், நூற்றிருபது காட்டியது, அதாவது ஒரு முனை இல்லை. போர்டில் ஒரு குறையும் இல்லை. டிஸ்பிளேயின் வயர் மட்டும் கழன்றிருந்தது, அழுத்திச் செருகியதும் முடிந்தது. மற்ற வள்ளங்கள் மீனோடு வந்து இறக்கிக்கொண்டிருந்தன. இந்த அற்ப வயருக்காக இவ்வளவு நல்ல மீன் கிடைக்கும் நாள் போய்விட்டதே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எண்கள் திரும்ப வந்திருந்தன. மோட்டாரின் கைப்பிடியை ஒரு முறை முறுக்கினார். ஆம்பியர் ஏறியது. விட்டார், இறங்கியது. இன்னொரு முறை முறுக்கி, இன்னொரு முறை விட்டார்.

"செரி, நாளைக்குப் போவோம்" என்றார்.